எத்தனை வாட் என்பதல்ல, எங்கே குவிகிறது என்பதே கேள்வி

கண்ணாடி அணியாமல் பார்வை தெளிய வேண்டும் என்ற விருப்பத்துடன் கொங்கு வட்டார ஊர்களிலிருந்து வந்து, காந்திபுரத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, கோவையின் கண் மருத்துவமனைகளை நாடுவோர் பலர். 'லேசர்' என்றதும் அவர்களிடம் எழும் முதல் ஐயம், அவ்வளவு ஆற்றல் வாய்ந்த ஒளி கண்ணைச் சுட்டுவிடாதா என்பதே. நியாயமான ஐயம்தான். ஆனால், லேசரின் விளைவைத் தீர்மானிப்பது அதன் ஆற்றல் மட்டுமன்று; அந்த ஒளி எவ்வாறு குவிக்கப்படுகிறது என்பதும்தான்.

லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேலடுக்கைப் பிரிக்க ஃபெம்டோ நொடி லேசர் பயன்படுகிறது. ஒரு நொடியைக் கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்துக் கோடியாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. இத்தகைய துடிப்பை நுண்புள்ளியில் குவித்தால், அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெடுக்கப்பட்டு, 'பிளாஸ்மா' உருவாகிறது. அது சிறு குமிழாக விரிந்து திசுவைப் பிரிக்கிறது. துடிப்பு மிகக் குறுகியது என்பதால் சுற்றியுள்ள திசுவுக்கு வெப்பம் பெரிதாகப் பரவுவதில்லை.

இதே வகை ஒளியை, நெடுந்தொலைவில் குவியும்படி காற்றில் செலுத்தினால் நிகழ்வது வேறு. அதன் திறன் சில நூறு கோடி வாட்டைத் தாண்டும்போது, ஒளிக்கற்றையின் நடுப்பகுதியில் காற்றின் ஒளிவிலகல் எண் சற்றே உயர்கிறது. காற்றே ஒரு வில்லையாக மாறி ஒளியைக் குவிக்கிறது. செறிவு மிகுந்ததும் பிளாஸ்மா பிறந்து, ஒளியை விரித்துவிடுகிறது. குவிக்கும் விசையும் விரிக்கும் விசையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, தலைமுடி அளவே பருமனுள்ள ஓர் ஒளியிழை நெடுந்தொலைவு நீள்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் இதனைக் காற்றில் கண்டறிந்தனர்.

வில்லையை மாற்றினால் என்ன ஆகும்? கனடாவின் லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் இதனை அளந்தனர். வில்லையின் குவியத் தூரத்தை 380 செ.மீ.-லிருந்து 10 செ.மீ.-ஆகக் குறைத்தபோது, இழையிலுள்ள பிளாஸ்மாவின் அடர்த்தி ஏறத்தாழ 2,000 மடங்கு உயர்ந்தது. மாணவர்கள் பூதக்கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்திக் காகிதத்தைப் பொசுக்கும் அதே பாடம்தான். இங்கே பொசுங்குவது காற்று.

இதில் இந்தியப் பங்களிப்பும் உண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பி.பிரேம் கிரண், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜி.ரவீந்திர குமார் உள்ளிட்டோர், பிரான்ஸ் ஆய்வாளர்களுடன் இணைந்து 2010-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். மென்மையாகக் குவிக்கும்போது, இழைக்குள் ஒளிச்செறிவு ஒரு வரம்பைத் தாண்டுவதில்லை. ஆனால், இறுக்கமாகக் குவித்தால் செறிவு அந்த வரம்பைப் போல் குறைந்தது பத்து மடங்கு வரை உயரலாம் என்று அவர்களின் அளவீடு காட்டியது. பிளாஸ்மா ஒளியை விரிக்க முயன்றாலும் வில்லையின் கை ஓங்கிவிடுகிறது.

இதனால் சாமானியருக்கு என்ன பயன்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் மட்டும் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் உயிரிழந்தனர். வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருப்போருக்கே இந்த ஆபத்து அதிகம். ஸ்விட்சர்லாந்தின் சாந்திஸ் மலையில் 124 மீட்டர் உயரத் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அருகே 2021-இல் நிகழ்ந்த சோதனையில், நொடிக்கு ஆயிரம் துடிப்புகளை வானில் செலுத்திய லேசர், மின்னலை ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவுக்குத் தன் வழியே இட்டுச்சென்றது. அங்கே தேவைப்பட்டது அடர்ந்த சிறு பிளாஸ்மாப் புள்ளியன்று; கோபுரத்தின் உச்சிக்கு மேலே நீளும் மெல்லிய இழை. குவியத்தை அதற்கேற்ப அமைத்ததே வெற்றியின் பாதி.

இந்தக் கருவி நாளையே நம் தோட்டங்களுக்கு வந்துவிடாது. இடி இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்வதே இன்றைய பாதுகாப்பு. எனினும், ஓர் அடிப்படையை உணர்ந்துகொள்ள வேண்டிய தருணம் இது. கண்ணுக்குள் கத்தியாவதும் வானில் மின்னலுக்கு வழிகாட்டியாவதும் ஒரே ஒளிதான். லேசர் பற்றிய செய்தியைப் படிக்கும்போதும், சிகிச்சைக்குச் செல்லும்போதும், ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் கருவி வாங்கும்போதும், 'எத்தனை வாட்?' என்பதோடு நின்றுவிடாமல், 'எங்கே, எவ்வளவு இறுக்கமாகக் குவிகிறது?' என்றும் கேட்போம். வீண் அச்சமும் வீண் ஆரவாரமும் அந்தக் கேள்வியில் கரைந்துபோகும்.