திரு. டாம்ப்கின்ஸ்

திரு. டாம்ப்கின்ஸ் என்பவர் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் எழுதிய அறிவியல் விளக்கக் கதைகளின் தலைமைக் கதைமாந்தர் ஆவார். குவாண்டம் இயற்பியல், சார்புக் கோட்பாடு ஆகியவற்றைப் பொது வாசகர்களுக்கு விளக்கும் பொருட்டு இக்கதைகள் எழுதப்பட்டன. இயற்கையின் அடிப்படை மாறிலி ஒன்றின் மதிப்பை மட்டும் மாற்றிவிட்டு, அத்தகைய உலகில் அன்றாட வாழ்க்கை எவ்வாறு இருக்கும் என்று ஊகிப்பதே இவற்றின் முறையாகும். அறிவியல் விளக்கமும் ஊகப் புனைவும் இணைந்த ஆக்கங்களுள் இவை பரவலாக அறியப்பட்டவை.

ஆசிரியர்

காமோவ் 1904 ஆம் ஆண்டு ஒடெசா நகரில் பிறந்தார். 1933 இல் சோவியத் ஒன்றியத்தை விட்டு வெளியேறி, பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1968 இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் காலமானார்.

சில அணுக்கருக்களிலிருந்து ஆல்ஃபா துகள்கள் எவ்வாறு வெளியேறுகின்றன என்பதை இவர் 1928 இல் குவாண்டம் கோட்பாட்டின் துணைகொண்டு விளக்கினார். அணுக்கருவைச் சூழ்ந்துள்ள ஆற்றல் தடையைத் தாண்டுவதற்கு அத்துகளிடம் போதிய ஆற்றல் இல்லை. எனினும் அலைப்பண்பு காரணமாக, தடையை ஊடுருவி வெளியே காணப்படுவதற்கு அதற்குச் சிறிதளவு நிகழ்தகவு உண்டு. இது குவாண்டம் ஊடுருவல் எனப்படும். அதே ஆண்டில் கர்னி, காண்டன் ஆகிய இருவரும் இவ்விளக்கத்தைத் தனியே கண்டறிந்தனர். எனவே காமோவ் கதைகளில் காட்டிய விந்தைகளுள் ஒன்று அவரே ஆய்ந்து விளக்கிய நிகழ்வாகும்.

தோற்றமும் வெளியீடும்

காமோவ் முதல் கதையை 1938 இல் எழுதினார். அதனைப் பல இதழ்கள் வெளியிட மறுத்தன. அவ்வாண்டு வார்சாவில் நடந்த மாநாட்டில் சந்தித்த இயற்பியலாளர் சார்லஸ் கால்டன் டார்வின், அதை இங்கிலாந்தில் வெளிவந்த 'டிஸ்கவரி' இதழின் ஆசிரியர் சி. பி. ஸ்னோவுக்கு அனுப்புமாறு கூறினார். இவர் உயிரியலாளர் டார்வினின் பேரன் ஆவார். ஸ்னோ கதையை ஏற்றுக்கொண்டதுடன் மேலும் எழுதுமாறும் கேட்டுக்கொண்டார்.

இக்கதைகள் 'விந்தை உலகில் திரு. டாம்ப்கின்ஸ்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாகத் தொகுக்கப்பட்டன. அணுவின் அமைப்பை விளக்கும் இரண்டாம் நூல் 1944 இல் வெளிவந்தது. 1965 இல் இரு நூல்களும் புதிய பகுதிகளுடன் ஒரே நூலாக்கப்பட்டன. 1999 இல் இயற்பியலாளர் ரஸ்ஸல் ஸ்டானர்ட் இவற்றைத் திருத்தி, பிற்காலக் கண்டுபிடிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார்.

கதையமைப்பு

டாம்ப்கின்ஸ் ஒரு வங்கி எழுத்தர். இயற்பியல் சொற்பொழிவுகளைக் கேட்கச் செல்லும் அவர் இடையில் உறங்கிவிடுகிறார். சொற்பொழிவில் கேட்டவை கனவில் அவர் கண்முன் நிகழ்கின்றன. கனவில் அவர் திகைக்கும்போது பேராசிரியர் தோன்றி விளக்கம் தருகிறார். சொற்பொழிவுகளும் நூலில் இடம்பெறுவதால், கதையில் கண்டதன் பின்னுள்ள கோட்பாட்டை வாசகர் தனியே படித்தறிய முடிகிறது.

டாம்ப்கின்ஸின் பெயர் முன்னெழுத்துகள் சி, ஜி, எச் என்பனவாகும். இவை முறையே ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகள் ஆகும். ஒளியின் வேகம் மிகக் குறைவாக உள்ள நகரில் சார்புக் கோட்பாட்டின் விளைவுகள் தெருவிலேயே தென்படுகின்றன. பிளாங்க் மாறிலி மிகப் பெரிதாக உள்ள இடங்களில் குவாண்டம் விளைவுகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

மாறிலியைப் பெரிதாக்குதல்

பிளாங்க் மாறிலியின் மதிப்பு ஏறத்தாழ 6.626 × 10⁻³⁴ ஜூல்-நொடி ஆகும். ஒரு பொருளின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் ஓர் எல்லைக்கு மேல் துல்லியமாக வரையறுக்க இயலாது என்பது ஹைசன்பர்க்கின் அறுதியின்மைக் கொள்கை. அந்த எல்லையை முடிவு செய்வது இம்மாறிலியே.

170 கிராம் எடையுள்ள பில்லியர்ட்ஸ் பந்து ஒன்றின் இடம் 1 மில்லிமீட்டர் அளவுக்குள் அறியப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அதன் வேகத்தில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச அறுதியின்மை நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁻³¹ மீட்டர் மட்டுமே. அண்டம் தோன்றியது முதல் இன்றுவரை, அதாவது சுமார் 1,380 கோடி ஆண்டுகள், அவ்வேகத்தில் நகர்ந்தாலும் பந்து ஓர் அணுவின் விட்டத்தைக்கூடக் கடந்திராது. மாறாக, அணுவின் அளவுள்ள இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானுக்கு இதே அறுதியின்மை நொடிக்குச் சுமார் 580 கிலோமீட்டர் ஆகும். எலக்ட்ரானுக்குப் பொருந்தும் விதியே பந்துக்கும் பொருந்துகிறது. பந்தின் நிறை மிகுதியால் அதன் விளைவு புலப்படுவதில்லை.

பிளாங்க் மாறிலி 10³⁰ மடங்கு பெரிதானால், பந்தின் வேக அறுதியின்மை நொடிக்கு 30 சென்டிமீட்டர் ஆகிவிடும். டாம்ப்கின்ஸ் காணும் உலகம் இத்தகையதே.

குவாண்டம் பில்லியர்ட்ஸ்

ஒரு கனவில் டாம்ப்கின்ஸ் பில்லியர்ட்ஸ் ஆடும் கூடத்தில் நிற்கிறார். உருளும் பந்து ஓரிடத்தில் நில்லாமல் மங்கிப் பரவுகிறது. மோதிய பந்து ஒரு திசையில் மட்டும் செல்லாமல், குளத்தில் எழும் அலைபோல் எல்லாத் திசைகளிலும் விரிகிறது. பந்தை முக்கோண மரச்சட்டத்துக்குள் அடைத்தால், அது ஓய்ந்திராமல் உள்ளே விரைந்து இயங்குகிறது. இடம் குறுகும்போது வேகத்தின் அறுதியின்மை பெருகும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. சற்று நேரத்தில் பந்து சட்டத்தின் மேலே ஏறாமலேயே வெளியே வந்துவிடுகிறது. அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவதும் இவ்வாறே.

குவாண்டம் காடு

மற்றொரு கனவில் அவர் யானைமீது ஏறிக் காட்டுக்குள் செல்கிறார். தாக்க வரும் ஒரே புலி, யானையைச் சூழ்ந்த புலிக்கூட்டம்போல் பரவித் தெரிகிறது. குறிபார்த்துச் சுடுவதால் பயனில்லை. எல்லாப் பக்கமும் சுட வேண்டியுள்ளது. ஒரு குண்டு பட்டதும், பரவியிருந்த புலி ஓரிடத்தில் உள்ள ஒரே புலியாகிவிடுகிறது. அளவீடு செய்யும்போது துகள் ஓரிடத்தில் மட்டும் கண்டறியப்படுவதை இது சுட்டுகிறது. ஓடும் விலங்கு மூங்கில்களின் இடைவெளிகளைக் கடக்கும்போது பல திசைகளில் பிரிந்து தெரிவது, அலைகளின் விளிம்பு விளைவுக்கு எடுத்துக்காட்டாகும்.

முறையின் வரம்புகள்

இக்கதைகளின் உவமைகளை நேர்ப்பொருளில் கொள்ளுதல் பிழையாகும். முதலாவதாக, பிளாங்க் மாறிலியை மாற்றினால் அணுவும் மாறும். ஹைட்ரசன் அணுவின் ஆரம் இம்மாறிலியின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மாறிலி 10 மடங்கானால் அணு 100 மடங்கு பெரிதாகும். எலக்ட்ரானை அணுவிலிருந்து பிரிக்கத் தேவையான ஆற்றல் 100 இல் ஒரு பங்காகக் குறையும். 10³⁰ மடங்கானால் ஓர் அணுவே காணக்கூடிய அண்டத்தைவிடப் பெரிதாகிவிடும். அங்கு புலியும் இராது, டாம்ப்கின்ஸும் இரார். விளக்கத்தின் பொருட்டு இக்கதைகள் அந்த விளைவை ஒதுக்கிவிடுகின்றன.

இரண்டாவதாக, பெரிய பொருள்களில் குவாண்டம் விளைவுகள் தெரியாமைக்கு மாறிலியின் சிறுமை மட்டுமே காரணமன்று. காற்று மூலக்கூறுகளும் ஒளியும் இடையறாது மோதுவதால் அலைகளின் ஒத்திசைவு குலைந்துவிடுகிறது. இவ்விளக்கம் 1970 முதல் டீட்டர் சே, பின்னர் வாய்ச்சேக் சூரெக் ஆகியோரால் வளர்க்கப்பட்டது. மோதல்கள் தவிர்க்கப்பட்டால் பெரிய மூலக்கூறுகளும் அலையாக நடந்துகொள்கின்றன. 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளில் 1999 இல் வியன்னாவில் இது காட்டப்பட்டது.

மூன்றாவதாக, கதையில் நேர்ந்த பிழையும் உண்டு. ஒளிவேகம் குறைந்த நகரில் மிதிவண்டியில் செல்பவர் தட்டையாகத் தெரிவதாகக் காமோவ் எழுதினார். பொருளின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஒளி கண்ணை வந்தடையும் நேரங்களையும் கணக்கிட்டால், விரைந்து செல்லும் பொருள் திரும்பியதுபோல் தோன்றும் என்று 1959 இல் ஜேம்ஸ் டெரல் காட்டினார். ரோஜர் பென்ரோசும் அதே ஆண்டில் விரையும் கோளத்தின் தோற்றத்தைத் தனியே ஆராய்ந்தார். எதை மாற்றினோம் என்று கதை வெளிப்படையாகக் கூறியதால்தான், விளைவுகளைக் கணக்கிட்டு அதன் பிழையைக் கண்டறிய முடிந்தது. குவாண்டம் என்னும் சொல்லை மாயத்துக்கு மறுபெயராகக் கையாளும் புனைவுகளை இவ்வாறு சரிபார்க்க இயலாது.

தாக்கம்

அறிவியலைப் பரப்பியமைக்காகக் காமோவுக்கு 1956 இல் யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு வழங்கப்பட்டது. இப்பரிசு ஒடிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக் அளித்த நிதியைக் கொண்டு நிறுவப்பட்டதாகும். 1995 இல் ராபர்ட் கில்மோர் என்னும் இயற்பியலாளர், ஆலிஸ் என்னும் சிறுமியைக் குவாண்டம் உலகுக்கு அனுப்பும் நூலை எழுதினார்.

காமோவின் கனவில் கண்ட சில, மாறிலியை மாற்றாமலேயே ஆய்வகத்தில் நிகழ்ந்துள்ளன. கையில் பிடிக்கத்தக்க அளவுள்ள மின்சுற்றில் குவாண்டம் ஊடுருவல் நிகழ்வதை ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகியோர் 1984, 1985 ஆம் ஆண்டுகளில் செய்த சோதனைகளில் காட்டினர். இதற்காக அவர்களுக்கு 2025 ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.