நாயைப் பார்த்துக்கிட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன கொடுக்கலாம்?

வீடு திருவண்ணாமலையில், வேலை பெங்களூருவில். மாதம் ஒரு வாரம் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். அந்த ஒரு வாரம் உங்கள் நாய்க்குச் சோறு வைப்பது பக்கத்து வீட்டு அக்கா. திரும்பி வந்து பர்ஸை எடுத்தால், "காசெல்லாம் எதுக்குப்பா, இது என்ன யார் வீட்டு நாயோவா?" என்று மறுத்துவிடுவார். சரியென்று ஒரு ஸ்வீட் பாக்ஸ். அடுத்த மாதமும் அதே ஸ்வீட் பாக்ஸ். நாலாவது மாதம் போன் போட்டால், "இந்த வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்பா" என்கிறார். அவர் எங்கேயும் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அக்கா மாறிவிடவில்லை. ஒரு முறை செய்தது உதவி. மாதாமாதம் செய்தால் அது வேலை. நீங்கள் கொடுப்பது மட்டும் இன்னும் ஸ்வீட் பாக்ஸாகவே இருக்கிறது.

ஒருவருடைய விலங்கை இன்னொருவர் பார்த்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1926-ல் ரமணாசிரமத்துக்கு லட்சுமி என்ற கன்றுக்குட்டி வந்தபோது, மாடு வைத்துப் பராமரிக்க அங்கே வசதி இல்லை. டவுனில் மாடு வளர்த்த ஒருவரிடம் விட்டார்கள். பிறகு லட்சுமி தானாகவே காலையில் ஆசிரமத்துக்கு வந்து சாயங்காலம் திரும்பிப் போகப் பழகியது. 1948 ஜூன் 18-ல் இறந்த லட்சுமியின் சமாதியை இன்றும் ஆசிரமத்தில் பார்க்கலாம். பக்கத்திலேயே வள்ளி என்ற மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் உண்டு.

கிராமங்களில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது: மாட்டை வாரத்துக்கு விடுவது. வளர்ப்பவருக்குப் பால், ஈனும் கன்றில் பங்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் 'தேங்க்ஸ்' சொல்லத் தேவையில்லை. நாயிடம் பாலும் இல்லை, பங்கு கேட்கக் கன்றும் இல்லை. அதனால்தான் நாம் பரிசுக் கடையில் போய் நிற்கிறோம்.

கடைக்குப் போகுமுன் செலவுக் கணக்கை முடித்துவிடுங்கள். அக்கா வாங்கிய பால், கோழிக்கழுத்து, ஆட்டோ எல்லாவற்றையும் கேட்டு அன்றைக்கே ஜிபே செய்துவிட வேண்டும். அது கடன், பரிசு இல்லை. இன்னும் நல்லது, கிளம்பும்போதே அரிசி, தீனி, கொஞ்சம் கைச்செலவுப் பணம் கொடுத்துவிட்டுப் போவது.

அடுத்து, உண்மையில் வேலை பார்த்தது யார்? பல வீடுகளில் சரி என்று சொல்வது அக்கா. காலையும் மாலையும் நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவர் பையன். அவனுக்கு ஒரு கிரிக்கெட் பேட் வாங்கிக் கொடுத்தால் அக்காவுக்குக் கொடுக்கும் புடவையைவிட அது பெரிது. நாயைப் பார்த்தது உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா என்றால் பரிசுப் பேச்சே வேண்டாம். அது கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம்தான். பழைய புடவையும் மிச்சமான பலகாரமும் கொடுத்து அதை முடித்துக்கொள்வது நியாயமில்லை.

பணத்தைக் கையால் வாங்காத அக்காவுக்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டில் ஒரு மொய் கவர், உள்ளே ஒற்றை ரூபாய் சேர்த்து 501 அல்லது 1,001. காசை மறுப்பவர் தாம்பூலத்தை மறுக்கமாட்டார். அந்த வழக்கம் இல்லாத வீடென்றால் பழக்கூடையோடு கவரை வையுங்கள். எவ்வளவு வைப்பது? பக்கத்தில் உள்ள நாய் போர்டிங்குக்கு போன் போட்டு ஒரு நாள் கட்டணம் கேளுங்கள். அந்தத் தொகையில் பாதிகூடத் தராமல் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

பொருளாகத்தான் தரவேண்டும் என்றால் அவர் வீட்டைக் கவனியுங்கள். மிக்ஸி ஜார் உடைந்திருக்கலாம், மழைக்காலத்தில் நாயோடு நடக்க நல்ல குடை இல்லாமல் இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ அல்வா பரிசல்ல, தொல்லை. அவரிடமும் நாய் இருந்தால் சாக்லேட்டும், உலர்திராட்சை போட்ட பலகாரமும் வேண்டாம். இரண்டுமே நாய்க்கு விஷம். பூனை வளர்ப்பவருக்கு லில்லிப் பூங்கொத்து கூடவே கூடாது. அதன் மகரந்தம் பட்ட உடம்பை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். மல்லிகைச் சரத்தில் அந்தப் பயம் இல்லை.

எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. உங்கள் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசியை வருடம் தவறாமல் போட்டு, அந்த அட்டையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். நகம் கீறினாலோ பல் பட்டாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஊசி அங்கே இலவசம். 'நம்ம நாய்தானே' என்று விட்டுவிடக் கூடாது என்பதை நீங்கள்தான் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

அடிக்கடி நாய்களைப் பார்த்துக்கொள்ளும் காலேஜ் பையன் என்றால், முன்தடுப்பு ஊசிக்கான செலவை நீங்கள் ஏற்கலாம். முதல் நாள், 7-ம் நாள், பிறகு 21 அல்லது 28-ம் நாள் என மூன்று ஊசி. போட்டுக்கொண்டவரைப் பின்னால் நாய் கடித்தால் இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. பிறந்தநாளுக்குத் தரும் பொருள் மாதிரி இருக்காதுதான்.

கார்த்திகை தீபம் வருகிறது. மலைமேல் தீபம் ஏறும் அந்தச் சாயங்காலம் ஊர் முழுக்கக் கூட்டம், வெடிச்சத்தம். உங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக் கிடக்கும்போது அக்கா தீபம் பார்க்கப் போகாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் லீவு கிடைக்குமா என்று மேனேஜரிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள்.