பிளம்பர் என்றால் ஈயக்காரர்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குழாய் ஒழுகினால், உடனே "பிளம்பரைக் கூப்பிடு" என்பார்கள். குழாய் வேலை செய்பவருக்கு ஏன் இந்தப் பெயர்?

லத்தீனில் 'பிளம்பம்' என்றால் காரீயம். (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம்; அது வேறு.) பழைய ரோமாபுரியில் காரீயத் தகட்டை வளைத்துத் தண்ணீர்க் குழாய் செய்தார்கள். அந்தத் தொழிலாளியின் பெயர்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கொத்தனாரின் தூக்குக்குண்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இதே வேரில் பிறந்ததே!

இன்று தாம்பரத்துப் பிளம்பர் பொருத்துவது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய். காரீயம் ஒழிந்ததா? அதுதான் இல்லை! பி.வி.சி. குழாய் சூட்டில் கெடாதிருக்கக் காரீய உப்பைக் கலந்து வந்தார்கள். அதுவோ குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. இதைத் தடுக்க மத்திய அரசு விதி வகுத்தது 2021-ல்தான். புதுக் குழாய் வாங்குகிறவர்கள் காரீயம் கலக்காததா என்று கடையில் கேட்டு வாங்கலாம்.