'பேட்டரி புதுசு' என்கிறாரா? ஏன் என்று கேளுங்கள்

அண்ணன் மகன் வாங்கிய மோட்டார் சைக்கிள் நான்காவது நாளே படுத்துக்கொண்டது. ஸ்போர்ட்ஸ் ரகம், 250 சிசி, இரட்டை சிலிண்டர், எட்டு வயது, இரண்டு பேர் கை மாறி வந்தது. கிள்ளானில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது நன்றாகத்தான் ஓடியதாம். பெட்டாலிங் ஜெயா நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்ததும் ரேடியேட்டர் காற்றாடி சுழலத் தொடங்கியது. மீட்டர் விளக்கு மங்கியது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மழை வேறு. கடை ஓரமாக ஒதுங்கி எனக்குப் போன் செய்தான்.

"பேட்டரியா இருக்க முடியாது சித்தப்பா. புதுசு. வித்தவர் ரசீதே காட்டினாரு, ரெண்டு மாசம்தான் ஆகுது."

அந்த ரசீதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. எட்டு வயது வண்டியில் இரண்டு மாதப் பேட்டரி ஏன் இருக்கிறது? பழையது ஆயுள் முடிந்து போயிருக்கலாம். அல்லது வேறு ஏதோ ஒரு கோளாறு பேட்டரியைக் கொன்றுகொண்டே இருக்கிறது. உரிமையாளர் பிணத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது நாம் பழைய பாகங்களைத்தான் உற்றுப் பார்க்கிறோம். புதிய பாகங்களையும் அதே கண்ணோடு பாருங்கள். புதுக் கிளட்ச் கேபிள், ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் லீவர், புது ரேடியேட்டர் குழாய் என ஒவ்வொன்றும் முந்தைய உரிமையாளர் எந்த இடத்தில் தொல்லைப்பட்டார் என்பதைச் சொல்லும். அந்தத் தொல்லை தீர்ந்ததா என்பதைப் புதுப் பாகம் சொல்லாது. அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு மல்ட்டிமீட்டர் வேண்டும். சாதாரண ரகம் போதும். எந்தப் பாகத்தையும் வாங்குமுன் இதை வாங்குங்கள்.

வண்டி ஓர் இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே பாருங்கள்: எண் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் இறுகிக் கிடக்கிறது. மூன்றாவதுதான் முக்கியமானது. எஞ்சினை நிமிடத்திற்கு 5,000 சுழற்சியில் வைத்து அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 14 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வண்டியில் நிற்கும்போது 12.2. ஓடும்போது 12.3. அதாவது மின்னேற்றமே நடக்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் மின்சாரம் பிறப்பது எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் ஸ்டேட்டர் சுருளில். அங்கிருந்து மூன்று கம்பிகளில், பெரும்பாலும் மூன்றும் மஞ்சள், மாறுமின்னோட்டமாக வெளியே வரும். ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் என்ற துடுப்பு வைத்த அலுமினியப் பெட்டி அதை நேர்மின்னோட்டமாக மாற்றி, அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும். கோளாறு சுருளிலா, பெட்டியிலா, வழியிலா? மூன்றில் ஒன்று.

சுருளைச் சோதிக்க மூன்று கம்பிகளின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டிரண்டாக அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வேகம் கூடக் கூட அவையும் கூட வேண்டும். 5,000 சுழற்சியில் பெரும்பாலான வண்டிகளில் 50 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் ஈரக் கையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள். எங்களுடையதில் மூன்றும் சமம். சுருள் பிழைத்தது.

அடுத்த சோதனை பலருக்குத் தெரியாதது, ஆனால் மிக எளியது. எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரிலிருந்து வெளியேறும் நேர்மின் கம்பியில் வையுங்கள். மற்றதைப் பேட்டரியின் நேர்முனையில் வையுங்கள். இரண்டும் ஒரே கம்பியின் இரு நுனிகள்தாமே, எனவே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. எங்களுக்கு வந்தது 2 வோல்ட். ரெகுலேட்டர் 14.3 வோல்ட்டை ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. வழியில் யாரோ 2 வோல்ட்டைத் தின்றுவிடுகிறார்கள்.

கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பி பழுப்பு நிறமாகி, ஓரம் உருகிக் கிடந்தது. உள்ளே பித்தளை நாக்கு பச்சை பூத்திருந்தது. நம் ஊர் மழையும் ஈரக்காற்றும் செய்யும் வேலை அது. அரிப்பால் அங்கே 0.2 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். கேட்க அற்பமான எண். அதன் வழியே 10 ஆம்பியர் போனால் இழப்பு 2 வோல்ட், பிறக்கும் வெப்பம் 20 வாட். ஒரு சிறிய பற்றவைப்புக் கோலின் வெப்பம். சூடு அரிப்பைக் கூட்டும். அரிப்பு தடையைக் கூட்டும். தடை மறுபடி சூட்டைக் கூட்டும்.

புதுப் பேட்டரி இந்தக் கோளாறை எப்படி மறைத்தது என்பதும் இப்போது விளங்கும். கடையிலிருந்து நிறைந்து வரும் பேட்டரி, தன் கையிருப்பை வைத்தே சில நாள் வண்டியை ஓட்டிவிடும். காற்றாடி, முன்விளக்கு, பெட்ரோல் பம்ப் எல்லாம் ஒரே நேரத்தில் கை நீட்டும் நெரிசலில்தான் சாயம் வெளுக்கும். வாங்குமுன் நாம் ஓட்டிப் பார்ப்பதோ குடியிருப்புப் பகுதியில் ஐந்து நிமிடம்!

உருகிய இணைப்பியை வெட்டி எறிந்து, தடிமனான புது இணைப்பி போட்டு, ஈரம் புகாத கிரீஸ் தடவினோம். சட்டத்தோடு சேரும் எதிர்மின் கம்பியின் துருவையும் சுரண்டினோம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை. மீட்டர் 14.2 காட்டியது.

அண்ணன் மகன் துள்ளினான். அடுத்த ஞாயிறு நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறப்போவதாகச் சொன்னான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் வரிசையை மாற்றிப் பிடித்திருக்கிறேன். ஓடாத வண்டி ஆளைக் கொல்லாது. நிற்காத வண்டிதான் கொல்லும். முதலில் பார்த்திருக்க வேண்டியது பிரேக்.

முன்பிரேக் எண்ணெய்க் குடுவையின் கண்ணாடியைப் பாருங்கள். இளமஞ்சளாக இருக்க வேண்டிய திரவம் எங்களுடையதில் 'கோப்பி ஓ' நிறத்தில் இருந்தது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ரப்பர் குழாயின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் எல்லை 155 பாகைதான். அதையும் தாண்டி வருடக்கணக்கில் விட்டால் இன்னும் கீழே இறங்கும்.

கொதித்தால் என்ன? திரவத்தை அமுக்க முடியாது. அதனால்தான் உங்கள் விரலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆவியை அமுக்க முடியும். குழாய்க்குள் ஆவிக் குமிழ் வந்துவிட்டால், லீவர் கைப்பிடியைத் தொடும் வரை வரும்; பிரேக் பிடிக்காது. முன்னறிவிப்பு இருக்காது. வீட்டு வாசலில் இறுக்கமாக இருந்த அதே லீவர்தான் மலை இறக்கத்தில் பஞ்சாகும்.

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறக்கம் ஏறத்தாழ 1,400 மீட்டர். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 300 கிலோ என்றால், இறங்கும்போது வெளிப்பட வேண்டிய ஆற்றல் சுமார் 41 லட்சம் ஜூல். பதினான்கு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க அது போதும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் இரண்டு உலோகத் தட்டுகளும் பெரும்பங்கைத் தாங்கியாக வேண்டும்.

பிரேக் எண்ணெய் மாற்றுவது கடினமான வேலை இல்லை. ஆனால் காற்றுக் குமிழ் ஒன்றுகூட மிஞ்சாமல் செய்யப் பழக்கம் வேண்டும். செய்து பழகாதவர் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இதில் வீரம் வேண்டாம். நீங்களாகப் பார்க்கக் கூடியவை: சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள், உராய்ந்து சட்டென்று நின்றால் காலிப்பரின் பிஸ்டன் சிக்கியிருக்கிறது. தட்டின் குறைந்தபட்சத் தடிமன் தட்டிலேயே பொறித்திருக்கும். தட்டு நீலம் பாரித்திருந்தால் அது ஏற்கனவே கடுமையாகச் சூடேறியிருக்கிறது.

டயரில் 'பூ' இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது நம் வழக்கம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள். 3416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம் பிறந்த டயர். எங்கள் முன்டயரில் பூ ஆழமாகவே இருந்தது; ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. தேயாததற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். ஈரச் சாலையில் அப்படிப்பட்ட டயர் பிடிக்காது. அதை மாற்றும் வரை மலைப் பயணம் இல்லை என்றேன். முகம் வாடியது. பரவாயில்லை.

முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கைப்பிடியை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓர் இடத்தில் 'டிக்' என்று பள்ளத்தில் விழுவதுபோல் இருந்தால், கழுத்துப் பேரிங்கின் குண்டுகள் தடத்தைக் குழியாக்கிவிட்டன; வளைவில் வண்டி தானாக அலையும். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் உடனே சீல் வாங்க ஓடாதீர்கள். பல நேரம் சீலின் உதட்டில் மண் சிக்கியிருக்கும். பழைய புகைப்பட நெகட்டிவ் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகிச் சுற்றி வழித்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் சீலை மாற்றியே ஆக வேண்டும், ஏனெனில் வழியும் எண்ணெய் போய்ச் சேரும் இடம் பிரேக் பட்டை.

இனி எஞ்சின் பக்கம். உயர்ந்த கியரில் முறுக்கினால் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது. தட்டுகளுக்கு ஆர்டர் கொடுக்குமுன் இரண்டைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே இருக்கும். அடுத்தது எண்ணெய். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் கலவை உண்டு. எஞ்சினுக்கு நல்லது, கிளட்ச்சுக்கு நஞ்சு. டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சம் பிடிக்க நினைத்து யாரோ கார் எண்ணெய் ஊற்றிய வண்டி, எண்ணெயை மாற்றியதுமே தேறிவிடுவதும் உண்டு.

முறுக்கும்போது இரண்டாம் கியர் தானாக நழுவி விழுவது வேறு கதை. பற்களின் பக்கவாட்டுப் பிடிகள் மழுங்கிவிட்டன என்று பொருள். சரி செய்ய எஞ்சினையே பிளக்க வேண்டும். வாங்குமுன் இதைக் கண்டால் விலை பேசாதீர்கள், நடையைக் கட்டுங்கள்.

புகையையும் படிக்கலாம். இரவு நின்ற வண்டி காலையில் மட்டும் நீலமாக ஒரு வாய் விட்டால் வால்வு சீல். முறுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் வளையம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால் குளிர்விப்பு நீர் சிலிண்டருக்குள் போகிறது. மழைக்காலக் காலையில் தெரியும் வெறும் நீராவியைக் கண்டு பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கார்புரேட்டர் வண்டி ஐடிலில் நிற்காமல் அணைந்தால், பழைய பெட்ரோல் பிசினாகித் தலைமுடித் தடிமனுள்ள சிறு ஜெட்டை அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்யாமல் திருகாணியை முறுக்கிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

வேலை முடிந்ததும் விற்றவருக்கு அண்ணன் மகனே போன் செய்தான், சண்டை போடும் எண்ணத்தோடுதான். பேட்டரியை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டான். "அதை ஏன் கேக்கிற தம்பி, ஒன்றரை வருஷத்துல மூணு பேட்டரி மாத்திட்டேன். இந்தக் காலத்து பேட்டரியே சரியில்ல" என்றாராம் அவர். ஏமாற்றியவர் பேசும் பேச்சாக அது இல்லை. இணைப்பியைப் பற்றி அண்ணன் மகன் சொன்னதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம்.

முன்டயரும் பிரேக் எண்ணெயும் மாற்றி மூன்று வாரம் கழித்துத்தான் இருவரும் மலை ஏறினார்கள். இறங்கும்போது கிளட்சைப் பிடிக்காமல், ஏறிய அதே கியரில் எஞ்சினை இழுக்கவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினேன். ரிங்லெட்டில் நிறுத்தி ஒரு படம் அனுப்பினான்: இருக்கையைக் கழற்றி, பேட்டரி மேல் மல்ட்டிமீட்டர். 14.2. பக்கத்தில் நண்பன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான்.