கழனி நண்டு எதைச் சேர்த்து வைக்கிறது?

மழை விட்ட மறுநாள் வரப்பில் நடந்தால் நண்டு வளையைக் கண்டுபிடிப்பது எளிது. வளை வாயில் ஈர மண் உருண்டை உருண்டையாகத் தள்ளிக் கிடந்தால் நண்டு உள்ளே இருக்கிறது. மண் காய்ந்து, வாயில் சிலந்தி நூல் கட்டியிருந்தால் வளை காலி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பிள்ளைகள் இதை நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்கிறார்கள். கையை முழங்கை வரை விட்டு, கொடுக்குக்குச் சிக்காமல் முதுகோட்டை அமுக்கிப் பிடித்து இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கழனி நண்டு வெளியே வரும். சேறு படிந்த பழுப்பு ஓடு, வெளிறிய வயிறு.

இந்த வரப்புகள் இருக்கும் நிலம் இப்போது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பல கழனிகள் தொழிற்பேட்டைகளாயின. ஆனால் ஏரிகள் அப்படியே இருக்கின்றன, தண்ணீரும் பழைய வழியிலேயே ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் பக்கத்து ஏரிகளின் உபரி சேர்ந்துதான் அடையாறு பிறக்கிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரியும் அதில் கலக்கிறது. சைதாப்பேட்டையில் கறுத்து ஓடும் ஆற்றின் தலைமாடு இங்கே, கழனி நண்டு வளை தோண்டும் இந்த வரப்புகளில் இருக்கிறது.

“நண்டு இருக்குன்னா தண்ணி நல்லாத்தான் இருக்கும்” என்று ஏரிக்கரைகளில் சொல்வார்கள். மீனை வைத்து அப்படிச் சொன்னால் ஓரளவு பொருந்தும். கழிவுநீர் கலந்து நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மீன் வாய் பிளந்து மேலே வரும், பிறகு செத்து மிதக்கும். நண்டு அப்படிச் சாகாது. அதன் செவுள் அறையின் உட்சுவரில் ரத்தக் குழிகள் அடர்ந்திருக்கின்றன. செவுள் ஈரமாக இருக்கும்வரை அந்தச் சுவரே நுரையீரல்போல வேலை செய்து காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் மூச்சுமுட்டினால் நண்டு கரையேறிவிடும். அது உயிரோடு இருப்பது அதன் திறமைக்குத்தான் சாட்சி. நீரின் தூய்மைக்குச் சாட்சி ஆகாது.

நம் வயல்களில் அதிகம் காணப்படும் இனங்களில் ஒன்றுக்கு ஓசியோடெல்பூசா செனெக்ஸ் செனெக்ஸ் என்று பெயர். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாக இதை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பூச்சிமருந்து இதன் உடலை என்ன செய்கிறது என்பதும் அந்த ஆராய்ச்சிகளில் ஒன்று. கடல் நண்டிலிருந்து இது வேறுபடுவது பிள்ளை வளர்ப்பில். எண்ணூர், பழவேற்காடு கழிகளில் பிடிபடும் சேற்று நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் மிதவை உயிர்களாகப் பல வாரம் அலைந்துவிட்டுத்தான் கழிமுகத்துக்கு வந்து சேரும். கழனி நண்டுக்கு அந்த யாத்திரை கிடையாது. பெரிய முட்டைகளைத் தாய் வயிற்று மடலுக்கடியில் சுமக்கும். குட்டி நண்டுகள் முழு நண்டாகவே பொரிந்து, சில நாள் அங்கேயே ஒட்டியிருந்து, பிறகு அதே வயலில் இறங்கும். பிறந்து, தின்று, சாவது எல்லாம் ஒரே ஏரியின் பாசனத்துக்குள். அந்த ஏரியில் இருப்பதெல்லாம் அதன் உடலிலும் இருக்கும்.

நீரில் இருக்கும் உலோகம் எப்படி நண்டின் உள்ளே போகிறது? நண்டின் ரத்தம் ஏரி நீரைவிடப் பல மடங்கு உப்பானது. உப்பு வெளியே கசிந்துகொண்டே இருப்பதால், செவுள் வழியாகச் சோடியத்தையும் கால்சியத்தையும் நீரிலிருந்து ஓயாமல் இழுக்க வேண்டும். ஓடு கழற்றிய நாட்களில் கால்சியத்துக்குத் தேவை இன்னும் அதிகம். புது ஓடு கெட்டிப்பட அதுதான் வேண்டும். காட்மியம் என்ற உலோகத்தின் அயனி, அளவிலும் மின்னேற்றத்திலும் கால்சியத்துக்கு மிக நெருக்கமானது. செவுளின் வாயில்களுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. உயிர் வாழத் திறந்து வைத்த கதவு வழியாகவே நஞ்சும் நுழைகிறது.

காட்மியம் என்றதும் ஆலையைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். முலாம் பூசும் பட்டறை, பழைய பேட்டரி உடைக்கும் இடம், சாயப்பொருள் எல்லாம் அதற்கு ஊற்றுகளே. ஆனால் பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்த உரத்திலும் அது கொஞ்சம் உண்டு. கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலையில் டயர் தேய்ந்து துத்தநாகம் உதிர்கிறது, பிரேக் தேய்ந்து தாமிரம் உதிர்கிறது. முதல் மழையில் எல்லாம் ஓடைக்கு வரும். ஒரே ஓர் ஆலை வாசலைக் கைகாட்டிவிட்டு நாம் கழன்றுகொள்ள முடியாது.

உள்ளே வந்த உலோகத்தை நண்டு கையாளும் விதம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. முதுகோட்டைப் பிளந்தால் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பசை தெரியும். கல்லீரலும் கணையமும் சேர்ந்து ஒரே உறுப்பாக அமைந்தது அது. அங்கே மெட்டலோதயோனின் என்ற சிறிய புரதம் இருக்கிறது. கந்தகம் தாங்கிய சிஸ்டீன் அமிலங்களால் நிறைந்த அது, உலோக அயனிகளைக் கொத்தாகக் கட்டிப்போட்டுவிடும். உண்மையில் நண்டுக்கு இது ஒரு சேமிப்புக் கிடங்கு: அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது தாமிரம் அடங்கிய ஹீமோசயனின் (ரத்தம் லேசான நீல நிறம் காட்டுவது அதனால்தான்), அதற்கான தாமிரம் இந்தப் பசையில்தான் இருப்பு வைக்கப்படுகிறது. காட்மியம் வந்தாலும் அதே கிடங்கில் பூட்டப்படுகிறது. கால் சதைக்கும் கொடுக்குச் சதைக்கும் குறைவாகவே போய்ச் சேரும். நண்டு பிழைத்துக்கொள்கிறது.

1957இல் இந்த வகைப் புரதத்தை முதன்முதலில் கண்டுபிடித்தது குதிரையின் சிறுநீரகத்தில். நம் சிறுநீரகத்திலும் அது உண்டு. நாம் தின்னும் காட்மியமும் அங்கே போய்த்தான் கட்டுண்டு கிடக்கிறது. பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். நாள்பட்டுச் சேர்ந்தால் முதலில் பழுதாவது சிறுநீரகம், பிறகு எலும்பு. ஜப்பானில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கிய இடாய்-இடாய் நோய்க்குக் காரணம் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த சுரங்கத்தின் காட்மியம் என்று 1968இல் அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது.

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். சளி பிடித்த பிள்ளைக்குக் கழனி நண்டு ரசம் வைக்காத வீடு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் குறைவு. சிறிய நண்டில் சதை குறைவு; அதனால் கழுவிய நண்டை ஓட்டோடு அம்மியிலோ உரலிலோ இடித்து, சாற்றைப் பிழிந்து வடிகட்டி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். மேலே திரளும் பழுப்பு நுரைதான் ருசி. அந்த ருசியில் பெரும்பங்கு கல்லீரல் பசையிலிருந்து வருகிறது. நண்டு தன் ஆயுளெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி வைத்ததை நாம் இடித்துக் கரைத்து, சதையையும் ஓட்டையும் சக்கையென்று எறிந்துவிட்டு, அந்தச் சாற்றை இருமுகிற குழந்தைக்குக் கொடுக்கிறோம். நல்ல ஏரியின் நண்டென்றால் இது அருமையான உணவு. கெட்டுப்போன ஏரியில், இதைவிடப் பாதகமான சமையல் முறையை யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

நண்டுக்குள் நஞ்சு சேர்வது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சியில் பசெய்க் ஆற்றங்கரையில் 1951 முதல் 1969 வரை களைக்கொல்லி தயாரித்த ஓர் ஆலையிலிருந்து டையாக்சின் என்ற நஞ்சு பரவியிருந்தது 1983இல் தெரியவந்தது. அந்த ஆறு கலக்கும் நூவர்க் விரிகுடாவில் நீல நண்டு பிடிப்பதே இன்றும் குற்றம். 100 முதல் 3,000 டாலர் வரை அபராதம். எச்சரிக்கைப் பலகை வைத்தும் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்தவர்கள், வீட்டுக் குழம்புக்குப் பிடிப்பவர்கள். அங்கும் நஞ்சு அதிகம் தங்குவது இதே பசையில். ஐரோப்பிய ஒன்றியம் நண்டுச் சதையில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம் வரை அனுமதிக்கிறது. அந்த வரம்பு கால், கொடுக்குச் சதைக்கு மட்டும். ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதி அதற்கு உட்படாது. அதில் காட்மியம் பல மடங்கு கூடும் என்பதால் மக்களுக்குத் தனியாக எச்சரிக்கை சொல்கிறார்கள்.

“நல்லாக் கொதிக்க வெச்சாப் போச்சு” என்ற நம்பிக்கையையும் இங்கே சரிசெய்ய வேண்டும். கொதி கிருமியைக் கொல்லும். மணிப்பூரில் அரைவேக்காட்டு நண்டால் பரவும் நுரையீரல் தட்டைப்புழுவையும் கொல்லும். காசநோய் என்று மயங்க வைக்கும் நோய் அது, அதனால் நன்றாக வேகவைப்பது கட்டாயம். ஆனால் காட்மியம் ஒரு தனிமம். எவ்வளவு கொதித்தாலும் அழியாது, ஓட்டுக்குள்ளிருந்து தண்ணீருக்கு இடம் மாறும், அவ்வளவே.

ஆகவே சந்தேகமான நீரில் பிடித்த நண்டென்றால் முதுகோட்டைப் பிரித்து, மஞ்சள் பசையையும் இருபுறமும் சீப்புப்போல நிற்கும் செவுளையும் வழித்தெறிந்து, கழுவி, முதல் கொதியின் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கும் அதுவும் வேண்டாம். ஆலைக் கழிவு அல்லது சாக்கடை நேராக விழும் ஓடையென்றால் ஒருவருமே தின்ன வேண்டாம். இப்படிச் சொல்லும்போது, காசில்லாமல் கிடைக்கும் புரதத்தையும் கால்சியத்தையும் ஏழை வீட்டுத் தட்டிலிருந்து பறிக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துவது போதாது, ஏரி வாரியாகச் சோதனை வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்கானது. மீனவரையும் விவசாயியையும் அது வெளியே நிறுத்துகிறது. வளையில் கைவிட்டுப் பிடித்து வீட்டில் ஆக்கும் நண்டு எந்த அதிகாரியின் மேசைக்கும் வராது. கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பிள்ளைப்பாக்கம், ஒரகடம், மணிமங்கலம், ஒரத்தூர் என்று ஒவ்வோர் ஏரியிலும் மழைக்கு முன்னும் பின்னும் நண்டு எடுத்து, காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் பார்த்து, முடிவை அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். அளக்கும்போது கால் சதையைத் தனியாகவும் மஞ்சள் பசையைத் தனியாகவும் அளக்க வேண்டும். இடித்துப் பிழிந்த ரசத்தையும் ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.