காட்டுப்பன்றிக் காவலில் கவனம் தேவை

காட்டோரக் கிராமங்களில் மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம் பயிரிடுவோருக்குக் காட்டுப்பன்றி பெருந்தொல்லை. தின்பதைவிடக் கிளறியும் மிதித்தும் அழிப்பதே அதிகம். கிழங்குக்கும் மண்புழுவுக்குமாக மூக்கால் தோண்டுவதால் வரப்பும் வாய்க்காலும் சரிகின்றன.

இரவுக் காவலுக்குத் தனியே செல்லக் கூடாது. அடிபட்ட பன்றியும் குட்டிகளுடன் வரும் தாய்ப்பன்றியும் எதிர்த்துப் பாயும். ஆண் பன்றியின் கோரைப்பல் ஆளின் தொடையையும் நாயின் வயிற்றையும் கிழித்துவிடும்.

செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலால் மாண்டன. இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வளர்ப்புப் பன்றிகளுக்கு வந்தால் சிகிச்சை இல்லை.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, மோட்டார் இணைப்பிலிருந்து கம்பிக்கு நேராக மின்சாரம் கொடுப்பது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இருட்டில் மடை திருப்பப் போகும் சொந்த மகனையும் அந்தக் கம்பி விடாது, சட்டப்படியும் குற்றம். சூரிய மின்வேலியில் விட்டுவிட்டு வரும் துடிப்பு, விலங்கை விரட்டுமே தவிரக் கொல்லாது. அதையும் வனத்துறை விதிகளை விசாரித்தே அமைக்க வேண்டும்.

பன்றி புகுந்த வயலை உழுது சீர்செய்யும் முன்பே, சேதத்தை வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நிவாரணம் கோரலாம்.