உஷார்! ஷிஃப்ட் கணக்குப் பார்த்துக் கர்ப்பப்பையை எடுக்காதீர்கள்

ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் அக்கா ஐடி கார்டு உறைக்குள்ளிருந்து எட்டாக மடித்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். வயது 38. கர்ப்பப்பைச் சுவரில் 3.8 சென்டிமீட்டர் நார்க்கட்டி. "கர்ப்பப்பையையே எடுத்துடணுமாம் தம்பி. பொங்கல் லீவுல முடிச்சுட்டா ஷிஃப்ட்டும் போகாது, மாசா மாசம் வர்ற தொல்லையும் விட்டுது."

தூக்கிவாரிப் போட்டது. கட்டியை நினைத்தல்ல, அந்தப் பொங்கல் லீவுக் கணக்கை நினைத்து.

இதே கணக்கைத்தான் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களும் போட்டார்கள். மாதவிலக்கென்று ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். எடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தார்கள், நினைக்க வைக்கப்பட்டார்கள். 2019-ல் கணக்கெடுத்தபோது 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த இதே கொடுமை பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், தேவையில்லாமலோ முறையான சம்மதமில்லாமலோ கர்ப்பப்பையை எடுத்த மருத்துவமனைகளைக் கரும்பட்டியலில் சேர்க்கும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ப் பக்கம் கரும்புக்குப் பதில் கன்வேயர். அவ்வளவுதான் வித்தியாசம்.

நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வருகிறது. பலருக்கு வந்ததே தெரியாது. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானாகவே சுருங்கும். தொல்லை தராத கட்டியென்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். தொல்லை இருந்தாலும் முதல் வழி கத்தியல்ல. உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி போலவே உள்ளே வைக்கிற, ஆனால் ஹார்மோன் சுரக்கும் கருவி இருக்கிறது, கர்ப்பப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கவும் முடியும். "கூடவே ஓவரியையும் எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நாற்பதுக்கு முன் அதை இழந்தால் எலும்பும் இதயமும் சீக்கிரமே விலை கொடுக்கும்.

அதற்காக, கட்டியை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பதும் ஆபத்துதான். அக்கா இன்ஸ்பெக்ஷன் டேபிளில் எட்டு மணி நேரம் நிற்பவர். அந்த நாட்களில் இரண்டு நாப்கின் சேர்த்து வைத்தும் யூனிஃபார்மில் கறை. ஒரு தடவை லைனிலேயே மயங்கியிருக்கிறார். "சாப்பிடாம வந்தேன்" என்று சமாளித்திருக்கிறார். ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமை. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் கண்டாலோ, கட்டி மளமளவென்று வளர்ந்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பைக் கட்டியின் கதை வேறு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பொங்கல் லீவு என்ன, நாலு நாள். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தால் ஆறு வாரமாவது ஓய்வு வேண்டும். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களே, அது இதற்கும்தான்: மருத்துவச் சான்றிதழோடு வருடத்தில் 91 நாள் வரை, 70 சதவீதச் சம்பளம். ஆனால் ஒரு கொக்கி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அந்தப் பணம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய இன்சூரன்ஸ் நம்பரையே கொடுங்கள். புது நம்பர் போட்டால் பழைய கணக்கு சேராமல் போகலாம்.

அக்கா கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போய் இன்னொரு டாக்டரிடம் காட்டினார். ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரை, உதிரப்போக்குக்கு மாத்திரை, சித்திரையில் மறு ஸ்கேன். அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரில், அந்த நாட்களின் தாளில் மட்டும் எத்தனை நாப்கின் என்று பென்சிலால் குறிக்கிறார். கிழித்த தாள்களைக் குப்பையில் போடுவதில்லை. ஐடி கார்டு உறைக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறார், டாக்டரிடம் காட்ட.